சக்ஷன் ஓடாத நேரத்தில் மவுத்வாஷ் மட்டும் போதுமா? பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்

ஃபீனிக்ஸ் உதவியாளர்

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் ஸ்கேலிங் செய்யும்போது, அதாவது பல்லில் படிந்த காரையை எடுக்கும்போது, பக்கத்தில் நின்று சக்ஷன் பிடிப்பது என் வேலை. வாயில் சேரும் தண்ணீரையும் எச்சிலையும் இழுக்கும் குழாய்தான் அது.

இங்கே மின்சாரம் போவது புதிதல்ல. லோட் ஷெடிங் குறைந்தாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. கரண்ட் போனதும் ஜெனரேட்டர் போடுவார்கள். அது நாற்காலி, விளக்கு, கம்ப்ரஸர் மூன்றையும் தாங்கும். பெரிய சக்ஷன் மோட்டாரை அதில் சேர்க்கவில்லை. அந்த நேரத்திலும் அதிர்ந்துகொண்டே தண்ணீர் பீய்ச்சும் கருவியால் அல்ட்ராசோனிக் ஸ்கேலிங் நடக்கிறது. தண்ணீர் முகத்தில் தெறிக்கிறது. கேட்டால், "நோயாளி கொப்பளித்துவிட்டுத்தானே உட்காருகிறார், வைரஸ் எல்லாம் செத்திருக்கும்" என்கிறார்கள்.

குளிர்காலம் தொடங்கிவிட்டது, இருமலோடு வருகிறவர்கள் அதிகம். வீட்டில் மாமியார் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உண்மையிலேயே அந்த ஒரு மூடி மருந்து எவ்வளவு காப்பாற்றும்? எங்கள் கிளினிக்கில் கொடுப்பது 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின்.

ஓவர்போர்ட் பல் டாக்டர்

தங்கச்சி, நேராகவே சொல்லிவிடுகிறேன். போதாது. உங்கள் பயம் நியாயமானது.

குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்து. ஈறு வீக்கத்துக்கும், அறுவை சிகிச்சைக்கு அப்புறம் பிரஷ் போட முடியாத வாய்க்கும் அதைவிட நம்பகமானது குறைவு. பல்லிலும் சளிச்சவ்விலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்யும். ஆனால் அதன் பலம் பாக்டீரியாவிடம்தான். கோவிட் வைரஸை வைத்துச் சோதித்தபோது பல ஆய்வகங்களில் அதன் விளைவு சுமாராகவே இருந்தது. 2020 மார்ச்சிலேயே சீனப் பல் மருத்துவர்கள் எழுதிய ஒரு கட்டுரை, இந்த வைரஸுக்குக் குளோர்ஹெக்சிடின் சரிவராமல் போகலாம், ஆக்சிஜனேற்றம் செய்யும் மருந்து வேண்டும் என்று சொல்லி ஹைட்ரஜன் பெராக்சைடையும் போவிடோன் அயோடினையும் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும் பல் சிகிச்சைக்கான இடைக்கால வழிகாட்டியில், 1 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது 0.2 சதவீத போவிடோன் அயோடினால் 20 விநாடி கொப்பளிக்கச் சொன்னது.

அப்புறம் ஆய்வக முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. 0.5 சதவீத போவிடோன் அயோடின் 15 விநாடியில் வைரஸை முழுதாகச் செயலிழக்க வைத்தது. பெராக்சைடோ 1.5 சதவீதத்திலும், ஏன், 3 சதவீதத்திலும்கூட 30 விநாடிக்குள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உலகம் முழுக்கப் பல் கிளினிக்குகள் வாங்கி அடுக்கிய மருந்து அது. அவசரத்தில் எழுதப்படும் வழிகாட்டிகள் அந்த நேரத்து அறிவோடுதான் எழுதப்படுகின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று எழுதிய தாளை இன்னும் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு அதையே வேதமாக நம்பக் கூடாது.

இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. எந்த மருந்தாக இருந்தாலும், கொப்பளித்தபோது வாயில் இருந்த எச்சிலைத்தான் அது தொடுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பி ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. தொண்டையிலிருந்தும் மூக்கின் பின்புறத்திலிருந்தும் புதிதாக வந்துகொண்டே இருக்கும். நோயாளி இருமினால் வருவது நுரையீரலிலிருந்து. அங்கெல்லாம் மவுத்வாஷ் போகவே இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆய்வக மாணவி

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "வைரஸ்" என்று ஒரே பெயரில் பேசுவதால்தான் குழப்பம். சில வைரஸ்களுக்கு வெளியே கொழுப்பால் ஆன உறை இருக்கும். இன்ஃப்ளூயன்சா, கோவிட், ஹெர்ப்பிஸ், ஹெச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி எல்லாம் அந்த வகை. சி.பி.சி. என்று லேபிளில் வரும் செட்டில்பிரிடினியம் குளோரைடு போன்றவை அந்த உறையைக் கிழிக்கின்றன. உறை போனால் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாது.

உறையே இல்லாதவை வேறு. அடினோவைரஸ், சாதாரணச் சளி தரும் ரைனோவைரஸ், குழந்தைகளுக்குக் கை கால் வாயில் கொப்புளம் வரவைக்கும் காக்சாக்கி, ஹெச்.பி.வி., நோரோவைரஸ். இவற்றின் வெளிப்புறம் கடினமான புரதக் கூடு. சி.பி.சி.யும் குளோர்ஹெக்சிடினும் இவற்றிடம் தோற்றுப்போகும். க்ரெஷில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், கொப்புளம் பரவும் வாரத்தில் அந்தக் குழந்தைகள் பல் பார்க்க வந்தால், கொப்பளிக்க வைத்துவிட்டோம் என்ற தைரியம் வேண்டாம்.

இன்னொன்று. ஆய்வகத்தில் நாங்கள் வைரஸையும் மருந்தையும் ஒரு குழாயில் கலந்து, நேரம் பார்த்து நிறுத்துகிறோம். வைரஸ் முழுவதும் மருந்துக்குள்ளேயே மிதக்கிறது. வாயில் அப்படி இல்லை. எச்சிலில் புரதம் இருக்கிறது, பெராக்சைடை உடைக்கும் என்சைம்கள் இருக்கின்றன, வைரஸில் ஒரு பங்கு செல்லுக்குள் பத்திரமாக இருக்கிறது. குழாயில் 99.99 சதவீதம் என்று வந்த எண்ணை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் வாய்க்கு மாற்ற முடியாது.

டொங்காட் வாசகர்

நான் மருத்துவத் துறை இல்லை. எங்கள் ஆயா காலத்தில் வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும்தான் கொப்பளிப்பார்கள். கம்பெனி மருந்துக்கு இவ்வளவு சந்தேகம் என்றால் அதையே கொடுக்கலாமே?

லெனேசியா மருந்தாளர்

உப்புத் தண்ணீர் புண்ணுக்கு இதமாக இருக்கும், பல் பிடுங்கிய மறுநாளிலிருந்து நானே சொல்லித்தான் அனுப்புகிறேன். தொண்டை கரகரப்புக்கும் நல்லது. ஆனால் சிகிச்சைக்கு முன்னால் ஒரு நிமிடத்தில் வைரஸைக் குறைக்க அதை நம்ப முடியாது. வேப்பிலைத் தண்ணீரும் அப்படியே, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதத்தில் இருக்கும்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. சாவ்லானைத் தண்ணீரில் கலந்து கொப்பளிக்கலாமா, அதிலும் குளோர்ஹெக்சிடின்தானே என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. அதில் செட்ரிமைடும் இருக்கிறது, அது தோலுக்கும் காயத்துக்கும். டெட்டாலும் வாய்க்கு இல்லை. அதேபோல் பெட்டடைன் என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. கொப்பளிக்கும் மருந்து 1 சதவீதம், காயத்துக்குப் போடும் கரைசல் 10 சதவீதம். அறுவை சிகிச்சைக்குக் கை கழுவும் ஸ்க்ரப்பில் சோப்பு கலந்திருக்கும், அதை எந்த அளவில் கரைத்தாலும் வாய்க்கு ஆகாது.

பெராக்சைடு நம் கடைகளில் 3 சதவீதத்திலும் 6 சதவீதத்திலும் கிடைக்கிறது. 10 வால்யூம், 20 வால்யூம் என்று எழுதியிருப்பது அதுதான். 1 சதவீதம் வேண்டுமென்றால் முதலாவதில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், இரண்டாவதில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு. போத்தலைப் பார்க்காமல் கலந்து ஈறு வெந்துபோய் வந்தவர்கள் உண்டு.

ஆண்டோலெக்ஸ் சி பலரும் தொண்டை வலிக்கு வாங்குகிறார்கள். அதில் பென்சிடமினோடு குளோர்ஹெக்சிடினும் இருக்கிறது. வலியைக் குறைக்கும், அதை வைரஸ் தடுப்பு என்று நினைத்து யாரும் வாங்க வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் மகள்

என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் பல் கட்டப் போனபோது பழுப்பு நிற மருந்தைக் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது அயோடின்தானே? ஏதாவது ஆகியிருக்குமா?

லெனேசியா மருந்தாளர்

அக்கா, ஒரு முறை கொப்பளித்துத் துப்பியதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள். ஆனால் கேட்டிருக்க வேண்டும். தைராய்டு நோய், கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், கதிரியக்க அயோடின் சிகிச்சை, லித்தியம் மாத்திரை, அயோடின் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், இவர்களுக்கெல்லாம் போவிடோன் அயோடினைத் தவிர்த்துவிட்டு சி.பி.சி. உள்ளதைக் கொடுக்கலாம். அடுத்த முறை போகும்போது மாத்திரைப் பட்டியலை எழுதிக் கையில் கொடுங்கள்.

குளோர்ஹெக்சிடினும் எல்லாருக்கும் பத்திரம் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் பல் பிடுங்கிய குழியை அதை வைத்துக் கழுவியபோது கடும் ஒவ்வாமை வந்து நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். மிக அரிது. ஆனாலும் "முன்பு எந்தக் கிருமிநாசினியாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா" என்று கேட்க ஒரு நொடிதான் ஆகும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள், விழுங்கிவிடுவார்கள். குடியை விட்டு மீண்டு வருகிறவர்களுக்கு ஆல்கஹால் இல்லாத போத்தல்.

ஸ்டாங்கர் பல் தெரபிஸ்ட்

இத்தனை பேர் மவுத்வாஷைத் தள்ளிப் பேசுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் ஸ்டாங்கரைத் தாண்டி உள்ளே கிராமத்து அரசு கிளினிக்குகளுக்குப் போய்வருகிறேன். சில இடங்களில் ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. பெரிய சக்ஷன் கனவு. வரிசையில் பாதிப் பேர் வலியோடு நிற்கிறார்கள். எனக்குக் கையில் இருப்பது கையுறை, மாஸ்க், ஒரு கேன் மவுத்வாஷ். அதையும் "நிரூபணம் இல்லை" என்று சொல்லிப் பறித்துவிட்டால் மேலிடத்தில் இருப்பவர்கள் அதை வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள். குறைந்தபட்சம் தெறிக்கும் எச்சிலில் கிருமி குறையும் என்பதாவது உண்மைதானே?

ஓவர்போர்ட் பல் டாக்டர்

உண்மைதான். பாக்டீரியா விஷயத்தில் ஐயமே இல்லை, கொப்பளித்த பிறகு தெறிக்கும் துளிகளில் எண்ணிக்கை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் கேனை யாரும் பறிக்க வேண்டாம். வைரஸிலும் கைவிட வேண்டியதில்லை. ஹெர்ப்பிஸ் இருந்தவர்களை வைத்து 2005இல் வந்த ஆய்வில், நறுமண எண்ணெய்கள் உள்ள மவுத்வாஷால் 30 விநாடி கொப்பளித்ததும் எச்சிலில் உயிருள்ள வைரஸ் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. அரை மணி நேரம் வரைக்கும் குறைவாகவே இருந்தது. கோவிட் நோயாளிகளிடம் சிங்கப்பூரில் செய்த சிறிய ஆய்விலும் போவிடோன் அயோடினும் சி.பி.சி.யும் கொஞ்சம் பலன் காட்டின.

நான் மறுப்பது ஒன்றைத்தான். எண்ணிக்கை குறைந்தது என்பதிலிருந்து, பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு நோய் வராது என்பதற்குத் தாவ முடியாது. அந்தத் தாவலுக்கு ஆதாரம் இல்லை. பல் சிகிச்சையில் வரும் ஏரோசாலை, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துளிகளை, குறைக்கும் வழிகளைப் பற்றி 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. எல்லாமே பாக்டீரியாவை எண்ணிய ஆய்வுகள். யாருக்காவது நோய் வந்ததா என்று ஒன்றுகூடப் பார்க்கவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003இல் வெளியிட்ட பல் மருத்துவ வழிகாட்டியிலும் சிகிச்சைக்கு முன் கொப்பளிக்க வைப்பதைத் தீர்வு காணாத விஷயம் என்றே வைத்திருந்தார்கள்.

சக்ஷன் விஷயம் அப்படி இல்லை. வாய் அகன்ற பெரிய குழாயைப் பல்லுக்குப் பக்கத்தில் சரியாகப் பிடித்தால் தெறிப்பில் பத்தில் ஒன்பது பங்கு வெளியே வராமலே போகும். எச்சில் இழுக்கும் சின்னக் குழாய் அந்த வேலையைச் செய்யாது. பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் திரையான ரப்பர் டேம் போட்டால் எச்சிலே தனியாகப் பிரிந்துவிடும். ஓஹாயோ அரசுப் பல்கலைக்கழகம் 2021இல் பார்த்தபோது, சிகிச்சையின்போது சுற்றிலும் படிந்த துளிகளில் பெரும்பங்கு கருவியிலிருந்து வரும் தண்ணீர், எச்சில் கொஞ்சம்தான் என்று தெரிந்தது. இது ஆறுதலான செய்தி. ஆனால் தண்ணீரை யாரும் இழுக்காத அறையில் அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்டாங்கர் நண்பருக்கு ஒரு கேள்வி. சக்ஷன் இல்லாத இடத்தில் நீங்கள் பல்லைக் குடையும் வேக டிரில்லான ஏரோட்டர் ஓட்டுகிறீர்களா?

ஸ்டாங்கர் பல் தெரபிஸ்ட்

இல்லை டாக்டர். அங்கே பல் பிடுங்குவோம், கையால் ஸ்கேலிங் செய்வோம். சின்னக் குழிகளைக் கைக்கருவியால் சுரண்டி கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்டை வைத்து அடைப்போம். 1980களில் தான்சானியாவில் தொடங்கிய முறை அது, மின்சாரமே தேவையில்லை. தெறிப்பும் இல்லை.

நீங்கள் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று புரிகிறது. ஃபீனிக்ஸ் தங்கைக்கும் அதுதான் பதில். கரண்ட் போனால் அல்ட்ராசோனிக்கை நிறுத்திவிட்டுக் கையால் செய்யட்டும், இல்லை நோயாளியை வேறு நாளுக்கு வரச் சொல்லட்டும்.

ஓவர்போர்ட் பல் டாக்டர்

அதேதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த இழையில் அதைத் தொடாமல் விட்டால் தப்பாகிவிடும். நம் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் ஹெச்.ஐ.வி. எவ்வளவு அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பயந்து கூடுதலாகக் கொப்பளிக்க வைக்கும் கிளினிக்குகள் உண்டு. எச்சில் வழியாக ஹெச்.ஐ.வி. பரவுவதில்லை. நமக்கு ஆபத்து ஊசியிலும் கூர்மையான கருவியிலும்தான் இருக்கிறது. ஹெச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஹெப்படைட்டிஸ் சி 2 சதவீதத்துக்கும் குறைவு. ஹெப்படைட்டிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு 6இலிருந்து 30 சதவீதம் வரை. மூன்றில் எது பெரிய எதிரி என்று பாருங்கள். அதற்குத்தான் நல்ல தடுப்பூசியும் இருக்கிறது.

தங்கச்சி, தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசி சேர்த்தது 1995 ஏப்ரலில். அதற்கு முன் பிறந்தவர் என்றால் சின்ன வயதில் போட்டிருக்க மாட்டார்கள். மூன்று டோஸ் போட்டீர்களா, அப்புறம் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று சோதித்தார்களா? ஊசி குத்தினால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே போய் ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

உதட்டில் ஹெர்ப்பிஸ் கொப்புளத்தோடு வருகிறவரை அவசரம் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள், காய்ந்து ஆறிய பிறகு வரட்டும். ஹெர்ப்பிஸ் உதவியாளரின் விரலிலும் கண்ணிலும் இறங்கினால் பெரிய அவஸ்தை.

காவடிக் குழுத் தொண்டர்

நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். சித்திரைக் காவடிக்கு நாக்கில் அலகு போடுகிறவர்களுக்கு முன்னால் மவுத்வாஷ் கொடுக்கலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. ஒரே அலகைப் பலருக்குத் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தும் இடங்களில் அது பாதுகாப்பா?

ஓவர்போர்ட் பல் டாக்டர்

கொப்பளிக்கக் கொடுங்கள், வாய் பாக்டீரியாவுக்கு நல்லது. ஆனால் ஒருவருக்குப் போட்ட அலகு இன்னொருவர் நாக்கைத் தொடவே கூடாது. ரத்தத்தில் வரும் ஹெப்படைட்டிஸ் பி உலர்ந்த பரப்பிலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும். துடைப்பது பத்தாது. ஆளுக்கு ஒன்று, அதுவும் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவில் வைத்தது. பக்கத்தில் எந்தப் பல் டாக்டரைக் கேட்டாலும் செய்து கொடுப்பார்கள். நானும் செய்து தருகிறேன்.

ஃபீனிக்ஸ் உதவியாளர்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் முன்பு கிளினிக்கில் பேசினேன். குறை சொல்வது மாதிரி இல்லாமல், கரண்ட் இல்லாத நேரத்தில் எந்தெந்த வேலை செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். பரிசோதனை, பல் பிடுங்குதல், கட்டுப் பல்லுக்கு அளவெடுத்தல், கையால் ஸ்கேலிங். அல்ட்ராசோனிக்கும் ஏரோட்டரும் கிடையாது. முதலில் முகம் சுளித்தார்கள். 1993ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, முடிந்தவரை ஆபத்தில்லாத வேலை இடத்தைத் தருவது முதலாளியின் கடமை என்கிறது என்று என் கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சொல்லும் தேவை வரவில்லை. நோயாளி அட்டையில் தைராய்டு, அயோடின் கேள்விகளையும் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள்.

சி.பி.சி. போத்தலும் வாங்கப் போகிறார்கள். அதை எவ்வளவு கொடுப்பது, எங்கே துப்ப வைப்பது? எங்களிடம் பழைய துப்பும் தொட்டிதான் இருக்கிறது. ஜெனரேட்டரில் சக்ஷனைச் சேர்க்க எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் 1988இல் பிறந்தவள். மூன்று டோஸ் போட்டது ஞாபகம் இருக்கிறது, சோதனை யாரும் செய்யவில்லை.

லெனேசியா மருந்தாளர்

15 மில்லி, ஒருமுறை பயன்படுத்தும் கோப்பையில். லேபிளில் சொன்ன நேரம் முழுக்க, குறைந்தது 30 விநாடி. சுவரில் கடிகாரம் இருந்தால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் பத்து விநாடியில் துப்பிவிடுகிறார்கள். தொட்டியில் வேகமாகத் துப்பினால் அதுவே தெறிக்கும். அதே கோப்பையில் மெதுவாகத் துப்ப வைத்து மூடி அப்புறப்படுத்துங்கள். கொப்பளித்து வெகுநேரம் கழித்துச் சிகிச்சை தொடங்கினால் பயன் குறைந்துவிடும், நாற்காலியில் உட்கார்ந்த பிறகே கொடுங்கள்.

ஓவர்போர்ட் பல் டாக்டர்

நல்ல காரியம் செய்தீர்கள். எதிர்ப்புச் சக்திச் சோதனையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். 10க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது. கீழே இருந்தால் பயப்பட வேண்டாம். வருஷம் ஆக ஆக எண் இறங்கியும் இருக்கலாம். ஒரு டோஸ் போட்டு மறுபடி பார்ப்பார்கள். மாமியாருக்காக நீங்களும் வீட்டில் எல்லாரும் ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரீஷியன் வரும்போது ஒன்றைச் சொல்லுங்கள். சக்ஷன் மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடத் தொடங்கும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஓடும் வாட்ஸை மட்டும் கணக்குப் போட்டு இணைத்தால் கம்ப்ரஸரும் அதே நேரம் கிளம்பும்போது ஜெனரேட்டர் நின்றுவிடும். மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டு, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி வைக்கச் சொல்லுங்கள். அது முடியும்வரை உங்கள் தாளில் எழுதியபடியே நடக்கட்டும்.